பிளாஸ்திரியை உரித்தவளுக்கு

பிப்ரவரி 9

குருவி,

இந்தப் பேர் சொல்லி உன்னைக் கூப்பிடுவது இதுதான் கடைசித் தடவை. இனி எழுதினால் வெறும் தங்கச்சிக்கு என்றுதான் எழுதுவேன். நான் நல்லா இருக்கேனா என்று கேட்காதே. நீ நல்லா இருக்கியா என்று கேட்க எனக்கும் மனசு வரவில்லை.

நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பின மறுநாள் வாண்டுவோட டேப்பை எடுத்தேன். இந்த வீட்டில் அதை டேப் என்று யார் சொன்னோம்? வாய் என்றுதான் சொல்வோம். "வாயைச் சார்ஜில் போட்டியா?" "வாயைக் கீழே போட்டுடாதே." பேர் வச்சவளே நீதான். என் பிள்ளை தொண்டையால் ஒரு சொல் பேசினதில்லை. படத்தைத் தொடுவாள், அது அவளுக்காகப் பேசும். அஞ்சு வயசிலிருந்து, போன மாசம் பதினேழு வயசில் கண் மூடுகிற வரைக்கும் அதுதான் அவள் வாய்.

திறந்தால் எல்லாம் புதுசாக இருக்கிறது. எழுத்து புதுசு, கடிகாரம் புதுசு, பின்னால் ஏதோ ஒரு மலைப் படம். பேசுகிற ஆப் மட்டும் சாம்பல் பூத்துக் கிடக்கிறது. தொட்டால் ஒரு வரி வருகிறது. எழுத்துக்கூட்டிப் படித்தேன். "இந்தச் செயலி புதிய பதிப்பில் இயங்காது. உருவாக்கியவரைத் தொடர்புகொள்ளவும்." உருவாக்கினவன் கம்பெனியை இழுத்து மூடிவிட்டு எங்கே போனான் என்று யாருக்குத் தெரியும்?

அதுக்காகத்தானே ஓரத்தில் பிளாஸ்திரி ஒட்டி, அப்டேட் தொடாதே என்று எழுதி வைத்திருந்தேன்? அவளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்த டீச்சர் படித்துப் படித்துச் சொன்னார்கள். இப்போது பிளாஸ்திரி இல்லை. பசை மட்டும் பிசுபிசு என்று இருக்கிறது. வீட்டில் இருந்தது நீயும் நானும். நான் உரிக்கவில்லை.

போன் பண்ணாதே. எடுக்க மாட்டேன். சொல்ல வேண்டியது இருந்தால் எழுது. பேப்பர் தன்னால் மாறிக்கொள்ளாது.

அக்கா


பிப்ரவரி 17

அக்கா,

நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன், நான் இருக்கிறேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? தைலம் தீர்ந்துவிட்டதா?

உரித்தது நான்தான். அலமாரியைத் துடைக்கும்போது அழுக்குப் பிளாஸ்திரி என்று நினைத்து உரித்துவிட்டேன். அப்டேட் அழுத்தினதும் நான்தான். அது எத்தனை நாளாகக் கேட்டுக்கொண்டே இருந்ததோ, சரி என்று அழுத்திவிட்டேன். தப்புதான். அதுக்காக ஆளை வெட்டிப் போட்டவளுக்கு எழுதுகிற மாதிரி எழுத வேண்டுமா? அவள் போனதில் எனக்கு வலி இல்லையா?

நான் ஒன்று யோசித்தேன். இப்போது இதைவிட நல்ல ஆப் எல்லாம் வந்திருக்கிறது. ஒரு புது டேப் வாங்கி, எல்லாச் சொல்லையும் நானே மறுபடி பேசி அனுப்புகிறேன். பழைய மாதிரியே இருக்கும்.

வேளைக்குச் சாப்பிடு. பதில் போடு.

குருவி (நீ கூப்பிடாவிட்டாலும் நான் அதுதான்)


பிப்ரவரி 26

தங்கச்சிக்கு,

முழங்கால் முழங்கால் இருக்கிற இடத்தில் இருக்கிறது. தைலம் அனுப்ப வேண்டாம்.

புது டேப் யாருக்கு? யார் தொட்டுப் பேசுவதற்கு? நான் உட்கார்ந்து "தண்ணி", "ஜன்னலைத் திற" என்று அழுத்திக்கொண்டு இருக்கணுமா? நீ மறுபடி பேசித் தருகிறாயாம். உன் குரல் முத்திப் போச்சு. வாண்டுவோட குரல் அது இல்லை.

உனக்கு விஷயம் தெரியாது. தெரிந்தால் இப்படி எழுத மாட்டாய். ஆஸ்பத்திரியில் மூச்சுக்குக் குழாய் வைக்க வந்தபோது அவள் கையில் வாய் இருந்தது. ஏதோ அடுக்கிக்கொண்டு இருந்தாள். நர்ஸ் "அப்புறம் பேசலாம் செல்லம்" என்று வாங்கி என் கையில் கொடுத்தாள். அப்புறம் என்பது வரவில்லை. அவள் அடுக்கின படங்கள் மேல் வரிசையில் அப்படியே நின்றன. வரிசையைத் தொட்டால்தானே பேசும்? தொடுவதற்குள் பிடுங்கிவிட்டார்கள்.

ஒரு தடவை பேசினால் வரிசை காலியாகிவிடும். அந்த ஆப் அப்படித்தான், உனக்கே தெரியும். என் பிள்ளை கடைசியாகச் சொல்ல வந்ததை நான் ஒரே ஒரு தடவைதான் கேட்க முடியும். முதல் படம் அம்மா படம். அதுக்கு மேல் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. கவிழ்த்து வைத்தேன். தெம்பு வரும்போது கேட்கலாம் என்று தினம் சார்ஜ் மட்டும் போட்டு வைத்தேன். அதைத்தான் நீ புதுப்பித்தாய்.

ஒன்று கேட்கிறேன், நேராகப் பதில் சொல். நீ அந்த வரிசையைத் திருப்பிப் பார்த்தாயா?

அக்கா


மார்ச் 15

அக்கா,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. எத்தனையோ தடவை எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ எப்படி இருக்கிறாய்?

எனக்குத் தெரியாது அக்கா. தெரிந்திருந்தால் கையை வெட்டிக்கொண்டிருப்பேன்.

இங்கே நான் வேலை பார்க்கிற மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் பார்க்கிற ஒருவர் இருக்கிறார், அவரிடம் கேட்டேன். உள்ளே இருப்பது அழிந்திருக்காது, திறக்கத்தான் முடியாது என்கிறார். யாரிடம் கொடுத்தாலும் ரீசெட் மட்டும் செய்யவிடாதே. ரீசெட் செய்தால் எல்லாம் துடைத்துவிடும். உங்கள் தெருவில் போன் ரிப்பேர் கடை ஒன்று உண்டே, அவரிடம் காட்டிப் பார். நீ கூடவே நில்.

காலைத் தொங்கப் போட்டு உட்காராதே, வீங்கும்.

தங்கச்சி


ஏப்ரல் 2

தங்கச்சிக்கு,

நான் கேட்டதுக்குப் பதில் இல்லை. காலைப் பத்தி மட்டும் எழுதுகிறாய். அது கிடக்கட்டும்.

ரிப்பேர் கடைக்குப் போனேன். அந்த ஆள் டேப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அம்மா, இது அரதப் பழசு. தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிக்குங்க" என்றான்.

"உங்க வீட்ல பழசானவங்களை எல்லாம் அப்படித்தான் செய்வீங்களா?" என்றேன்.

சிரித்தான். என் மூஞ்சியைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். "கோவிச்சுக்காதீங்க. உள்ளே எல்லாம் பத்திரமா இருக்கு. பூட்டை மாத்திட்டாங்க, உங்க சாவி பழசு. அவ்வளவுதான்."

"பழைய பூட்டையே திரும்பப் போடுங்க."

"போட விடமாட்டான் கம்பெனிக்காரன். அப்டேட்டுல ஏறத்தான் முடியும், இறங்க முடியாது."

"இறங்க வழி வைக்காம மாடிப்படி கட்டினவன் எந்த ஊர்க்காரன்?"

"அதை அவன்கிட்ட கேட்கணும்மா, என்னைத் திட்டாதீங்க."

கடைசியில் ஒரு வழி சொன்னான். இதே மாடல் டேப், ஒரு தடவைகூட அப்டேட் ஆகாதது, கிடைத்தால் உள்ளே இருப்பதை மூட்டையோடு எடுத்து அதில் வைத்துவிடலாமாம். "ஆனா அப்படி ஒண்ணு இனி எங்கே கிடைக்கும்? எல்லாம் தன்னாலேயே அப்டேட் ஆயிடுதே" என்றான்.

நான் வேலை செய்கிற சலவைக்கூடத்தில் சூப்பர்வைசர் அம்மா கேட்கிறாள், "பிள்ளை போன துக்கத்துல மெஷினைக் கட்டிக்கிட்டு அழறியே" என்று. அவளுக்கு வாய் இருக்கிறது, பேசுகிறாள்.

நீதான் கெடுத்தாய். நீதான் தேடணும். கிடைக்கும் வரைக்கும் எனக்கு எழுதாதே.

மறுபடி கேட்கிறேன். பார்த்தாயா?

அக்கா


ஏப்ரல் 20

அக்கா,

கிடைக்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன், திட்டு.

உன் அதட்டலுக்குப் பயந்தே நான் வளர்ந்தேன். இப்போது எனக்கு முப்பது தாண்டிவிட்டது, ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நேற்று என் போனில் நானே எனக்கு ஒரு ஞாபகக் குறிப்பு பேசி வைத்துவிட்டுத் திருப்பிக் கேட்டேன். "அம்மாவுக்குத் தைலம்" என்று பேசியிருந்தேன், மாமியாருக்காக. அந்த "அம்மா"வைக் கேட்டதும் தூக்கிவாரிப் போட்டது. வாண்டு கூப்பிட்ட மாதிரியே இருந்தது.

அப்போதுதான் புரிந்தது நீ ஏன் போனை எடுக்க மாட்டேன் என்கிறாய் என்று. நீ எடுக்காதது என்மேல் இருக்கிற கோபத்தால் இல்லை. நான் "அக்கா" என்றால் உனக்கு அவள் குரல் கேட்கிறது.

நானா கேட்டேன், அவளுக்குக் குரல் கொடுக்கிற அந்த வேலையை? "அம்மா குரல் வேண்டாம், பிள்ளைக்குத் தனக்கென்று ஒரு குரல் வேணும்" என்று டீச்சர் சொன்னார்கள். என்னை உட்கார வைத்தாய். பத்தொன்பது வயசு எனக்கு. "பசிக்குது", "வலிக்குது", "போதும்", "இன்னும்" என்று தொண்டை கட்டும்வரை பேசினேன். ஒவ்வொரு தடவையும் அவளுக்குப் புதுச் சொல் வேண்டும் என்றால் அந்த டேப் முன்னால் போய் உட்கார்ந்து பேசணும். போனில் பேசி அனுப்பினால் அந்தப் பழைய ஆப் ஏற்றுக்கொள்ளாது.

ஐந்து வருஷம் முன்னால் நான் இங்கே வேலைக்குக் கிளம்பினபோது வாசலில் நின்று கத்தினாயே. "என் பிள்ளை குரலைத் தூக்கிக்கிட்டுப் போறே" என்று. அதற்குப் பிறகு, லீவில் வருகிறேன், புதுச் சொல் எல்லாம் பேசித் தருகிறேன் என்று எத்தனை தடவை எழுதினேன்? ஒன்றுக்காவது வா என்று பதில் போட்டாயா?

உடம்பைப் பார்த்துக்கொள் என்று எழுத வந்தேன். அதை மட்டும் எழுதியிருக்கலாம்.

தங்கச்சி


மே 28

தங்கச்சிக்கு,

உடம்பு இருக்கிறது. இங்கே சலவைக்கூடத்தில் பாய்லர் பழுது, பத்து நாள் நீராவி இல்லை. படுக்கை விரிப்பு மலை மாதிரிக் குவிந்துவிட்டது. இப்போது சரியாகிவிட்டது.

டேப் கிடைத்ததா?

பார்த்தாயா என்று இத்தோடு மூன்று தடவை கேட்டாகிவிட்டது.

அக்கா


ஜூன் 19

அக்கா,

முழங்காலை விடு, நீ எப்படி இருக்கிறாய்?

கிடைத்துவிட்டது. இத்தோடு பார்சலில் வருகிறது. செகண்ட் ஹேண்ட் கடை ஒன்றையும் விடவில்லை. எல்லாரும் "லேட்டஸ்ட் வெர்ஷன் மேடம்" என்று நீட்டுவார்கள். "அப்டேட் ஆகாதது இருக்கா?" என்று கேட்டால் மேலும் கீழும் பார்ப்பார்கள். கடைசியில் எங்கள் கடைக்குக் கண்ணாடி போட வந்த ஒரு பல் டாக்டர். அவர் கிளினிக்கில் குழந்தைகள் அழாமல் இருக்க பலூன் உடைக்கிற ஆட்டம் போட்டு இதே மாடல் ஒன்றைச் சுவரில் மாட்டியிருந்தார். வாங்கின நாளிலிருந்து நெட்டைக் கண்ணில் காட்டினதில்லையாம். ஸ்க்ரூவைக் கழற்றி அப்படியே கொடுத்துவிட்டார். இதை நெட்டில் இணைக்காதே. ரிப்பேர்காரரிடமும் சொல்.

இனி உன் கேள்வி.

பார்த்தேன்.

அழுக்கு என்று நினைத்து உரித்தேன் என்று எழுதினேனே, அது பொய். பிளாஸ்திரியில் எழுத்து தெளிவாகத்தான் இருந்தது.

நீ குளிக்கப் போயிருந்தாய். துடைக்க எடுத்தேன், திரை விழித்துக்கொண்டது. மேலே மூன்று படம். முதலில் அம்மா. கடைசியில் போதும். நடுவில் ஒரு போட்டோ, யாரோ நிற்கிற கால் மட்டும். அந்தச் சொல்லை நான் பேசிக் கொடுத்த ஞாபகமே இல்லை. வரிசையை நான் தொடவில்லை, நம்பு. கீழே பக்கங்களைத் தள்ளிப் பார்த்தேன். கடைசிப் பக்கம் முழுக்க அவளே எடுத்துச் சேர்த்த போட்டோ. ஜன்னல் கம்பி. உன் சாப்பாட்டு டப்பா. மழையில் நனைகிற ஒரு சைக்கிள். ஒரு நாய்க்குட்டியின் முதுகு. விரலை அழுத்திப் பிடித்தால் வரிசையில் ஏறாமல் அந்தச் சொல்லை மட்டும் சொல்லுமே, அப்படி ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தேன். ஒன்றில்கூடச் சத்தம் வரவில்லை.

ஆப் பழசாகி சத்தம் போய்விட்டது என்று நினைத்தேன். மேலே அப்டேட் அப்டேட் என்று கேட்டுக்கொண்டு இருந்தது. அதைச் செய்தால் சத்தம் திரும்பும் என்று நினைத்தேன். உனக்குச் சரிசெய்து கொடுத்துவிட்டுக் கிளம்பணும் என்றுதான் அக்கா உரித்தேன்.

இங்கே திரும்பி வந்த பிறகுதான் உறைத்தது. அதில் பழுதே இல்லை. அந்தச் சொற்களுக்கு யாரும் குரல் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டியவள் ஐந்து வருஷமாக அந்த வீட்டுப் படி ஏறவில்லை. இதை எப்படி உனக்கு எழுதுவது என்றுதான் பதில் சொல்லாமல் இருந்தேன்.

வேளைக்குச் சாப்பிடு.

தங்கச்சி


ஜூலை 3

தங்கச்சிக்கு,

இருக்கிறேன். பார்சல் வந்தது.

ரிப்பேர்காரன் கடையை மூடிவிட்டு உட்கார்ந்து வேலை பார்த்தான். நான் ஸ்டூல் போட்டு அவன் கையையே பார்த்துக்கொண்டு இருந்தேன். "நீங்க இப்படிப் பார்த்தா எனக்குக் கை நடுங்குதும்மா" என்றான். "நடுங்கட்டும், ரீசெட்டைத் தொட்டா உடைச்சிடுவேன்" என்றேன். சாம்பல் போய்விட்டது. திறந்துவிட்டது. வரிசை நிற்கிறது.

இன்னும் தொடவில்லை.

பெரிய காரியம் செய்துவிட்டதாக நினைக்காதே. நீ கெடுத்ததை நீ திருப்பிக் கொடுத்திருக்கிறாய். அந்தக் கடைசிப் பக்கத்தையும் பார்த்தேன். உன்மேல் இருந்த கோபம் குறையவில்லை. கூடத்தான் செய்தது. உன்மேல் மட்டும் இல்லை, அதனால் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

பல் டாக்டருக்கு என் வணக்கத்தைச் சொல்.

அக்கா


ஜூலை 12

அக்கா,

நலம் விசாரிக்க மாட்டேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன், அதன் பிறகு நீ ஆயுசுக்கும் எழுதாவிட்டாலும் சரி.

வரிசையைத் தொடும்போது எனக்குப் போன் போடு. நான் எடுப்பேன், வாயைத் திறக்க மாட்டேன். "அக்கா" என்றுகூடச் சொல்ல மாட்டேன். மூச்சு விடாமல் இருக்கச் சொன்னாலும் இருக்கிறேன். கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். அவள் கடைசியாகச் சொன்னது என் தொண்டையில் இருந்து வருவது, அக்கா. நானும் கேட்கணும்.

தங்கச்சி


ஆகஸ்ட் 6

குருவி,

நான் இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்? நிஜமாகத்தான் கேட்கிறேன்.

அன்றைக்கு நீ சொன்ன சொல்லைக் காப்பாற்றினாய். போனை எடுத்து ஒன்றும் பேசாமல் இருந்தாய். உங்கள் கடையில் கண்ணாடி தேய்க்கிற மெஷின் ஓடிக்கொண்டு இருந்தது, நீ நிறுத்தச் சொல்லிக் கை காட்டியிருப்பாய், சட்டென்று நின்றது. பிறகு உன் மூச்சு மட்டும். சின்ன வயசில் திட்டு வாங்கும்போது மூக்கால் விடுவாயே, அதே மூச்சு. நான் இந்தப் பக்கம் சமையல் மேடையில் டேப்பை வைத்து, பக்கத்தில் போனை வைத்து, நின்றபடியேதான் தொட்டேன். உட்காரத் தோன்றவில்லை.

நீ கேட்டதைத்தான் நானும் கேட்டேன். அம்மா என்றாள். அப்புறம் ஒரு சொல் பேசுகிற நேரத்துக்குச் சத்தம் இல்லை. அப்புறம் போதும் என்றாள். வரிசை காலியாகிவிட்டது. நான் போனை வைத்தது உன்மேல் கோபத்தில் இல்லை.

நடுவில் இருக்கும் போட்டோவில் யாரோ நிற்கிற கால் என்று எழுதியிருந்தாய். உனக்குத் தெரியவில்லை, அது என் கால். சலவைக்கூடத்தில் அவளைச் சக்கர வண்டியோடு என் இஸ்திரி மேஜைக்குப் பக்கத்தில் நிறுத்தி வைப்பேன். அவள் உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராக என் கால்தான் தெரியும். வலது கால் நீராவி பெடலில். இடது கால் செருப்பைக் கழற்றிவிட்டுச் சிமெண்ட் தரையில், குதிகாலில் வெடிப்போடு. எப்போது எடுத்தாள் என்று எனக்குத் தெரியாது. அவள் சில நேரம் ஏதோ அடுக்கி வரிசையைத் தொட்டுவிட்டு என் முகத்தையே பார்ப்பாள். பாதி சத்தம் வரும், பாதி வராது. கை தவறிவிட்டது போல என்று நினைத்து, "சரிடா, சரிடா" என்று விரிப்பை மடிப்பேன். அவளும் சிரிப்பாள்.

நிற்காதே அம்மா, போதும் என்றாளா? வேலை போதும் என்றாளா? வலி போதும் என்றாளா? அந்த வலி என் வலியா, அவள் வலியா? ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றிக் குழாயோடு நின்றவர்களுக்கு நடுவில் என் காலைத் தேடி எடுத்து வைத்திருக்கிறாள். எல்லாரையும் வைத்துக்கொண்டு அதைச் சொல்ல வந்திருக்கிறாள்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத மாட்டேன். என்னையும்தான். லீவு கிடைத்தால் வா. வந்தால் வாசலில் கத்த மாட்டேன். கத்தினாலும் உள்ளே வந்துவிடு. அந்தக் கடைசிப் பக்கத்தை நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து பார்க்கலாம். ஜன்னல் கம்பிக்கும் சைக்கிளுக்கும் நீ ஏதாவது பேசிக் கொடு. அவள் வைத்த பேர் அதுவாக இருக்காது. ஆனாலும் பேசு.

காலை மட்டும் விட்டுவிடு. அதில் நீ எதையும் பேசாதே. அதை மட்டும் கேட்கத்தான் இவ்வளவு எழுதினேன். பன்னிரண்டு வருஷம் அவள் குரலாக இருந்தவள் நீ. அவள் தொண்டையில் என்ன இருக்கும் என்று என்னைவிட உனக்குத்தான் தெரியணும்.

சொல்லு குருவி, என் காலுக்கு அவள் என்ன பேர் வச்சிருந்தா?